நிழல் விழாத ஒன்பது பேர்

1991ஆம் ஆண்டு அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தூறல். விமானம் தரையைத் தொட்டபோது வெளியே ஒன்பது டிகிரி என்று அறிவித்தார்கள். இரண்டு ஸ்வெட்டரும் ஒரு மப்ளரும் கொண்டுவந்திருந்தேன். மூன்றும் பெட்டிக்குள் இருந்தன. கையில் இருந்தது ஒரு பாட்டில் வடுமாங்காய் மட்டும். எண்ணெய் கசிந்துவிடுமோ என்று பாலித்தீன் பையால் நான்கு சுற்றுச் சுற்றி, சென்னையிலிருந்து மடியிலேயே வைத்திருந்தேன்.

சுங்க அதிகாரி ஓர் இளைஞர். நான்கு சுற்றையும் பிரித்துப் பார்த்து, "இது என்ன?" என்றார். மாங்காய் என்றேன். "மாங்காயை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சிறியதாக இருக்காது" என்றார். இது பிறந்து சில நாளான மாங்காய் என்று விளக்கினேன். முகர்ந்து பார்த்தார், தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார், போகச் சொல்லிவிட்டார்.

மகள் வசந்தாவைப் பார்க்க லண்டன் போகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி என் பல் டாக்டர் கொடுத்த வேலை.

பாரிமுனைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் லின் டாக்டரிடம் இருபத்தாறு வருடமாகப் பல் காட்டுகிறேன். முதலில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், பிறகு மேலும் கீழுமாக இரண்டு செட் கட்டிக் கொடுத்தார். சீனாக்காரர் என்று பெயரே தவிர, பிறந்தது வளர்ந்தது எல்லாம் அந்தத் தெருதான். அவருடைய ஒரே மகளுக்கு டிசம்பர் எட்டாம் தேதி கல்யாணம். அவர்கள் கல்யாணத்தில் முக்கியமான சடங்கு தேநீர். மணமக்கள் மண்டியிட்டு, வயது வரிசைப்படி பெரியவர்களுக்குக் கோப்பையை நீட்ட வேண்டும். டாக்டருக்கு ஓர் அண்ணன் உண்டு, பெயர் வென். லண்டனில் இருக்கிறார். அவர் குடிக்காமல் டாக்டர் குடிக்க முடியாது. அண்ணனும் தம்பியும் பேசிப் பதினேழு வருடமாகிறது.

"சார், நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்தா வரட்டும்" என்று டாக்டர் சொன்னார். என் வாயில் கண்ணாடியை வைத்துக்கொண்டு சொன்னதால் மறுக்க வழியில்லை. அண்ணனுக்குப் பிடிக்கும் என்று வடுமாங்காயையும் கொடுத்துவிட்டார்.

வசந்தாவும் மாப்பிள்ளையும் கிங்ஸ்பரியில் இருக்கிறார்கள். வீட்டில் முப்பத்தொரு விளக்கு. நான் மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து, செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன். எனக்கு வெளிச்சம் என்றால் வாட், யூனிட், பாக்கி வசூல். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் என் கை தானாக சுவிட்சுக்குப் போகும். அன்று சாயங்காலமே வசந்தா சொல்லிவிட்டாள்: "அப்பா, நீங்க பின்னாடியே அணைச்சிட்டு வந்தா நான் எப்படிப்பா சமைக்கறது? நான் இன்னும் கிச்சன்லதான் இருக்கேன்."

திங்கட்கிழமை டூட்டிங்குக்குத் தனியாகப் புறப்பட்டேன். மாப்பிள்ளை ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்து, மாற வேண்டிய இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். கெனிங்டனில் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் இறங்கினார்கள். ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை. சென்னையில் எல்லோரும் இறங்கினால் நமக்கு உட்கார இடம் கிடைத்தது என்று பொருள். நான் உட்கார்ந்திருந்தேன். வண்டி இருட்டுக்குள் போய், சக்கரம் கிறீச்சிட வளைந்து வளைந்து சென்று நின்றது. நானும் வடுமாங்காயும் மட்டும். பெட்டியில் எத்தனை விளக்கு என்று எண்ணி மனத்தை அடக்கிக்கொண்டேன். சற்று நேரம் கழித்து வண்டி கிளம்பி, அதே கெனிங்டனின் எதிர்ப் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தது.

ஸ்டேஷனில் இருந்த கறுப்பினத்தவர் ஒருவர், உயரமான மனிதர், என்னைக் கண்டதும் சிரித்தார். "ஐயா, நீங்கள் திரும்புபாதையைச் சுற்றிவிட்டு வருகிறீர்கள். அதைப் பார்த்த பயணிகள் அதிகம் பேர் இல்லை. கட்டணம் கிடையாது" என்றார். கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டார். நம் ஊரிலும் செய்வார்கள், ஆனால் முதலில் திட்டிவிட்டுச் செய்வார்கள்.

டூட்டிங்கில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு மளிகைக் கடை. முருங்கைக்காய், பலாக்கொட்டை, கருவாடு. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், சிவபாலன் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். முகவரியை நீட்டினேன்.

"ஐயா இந்தியாவோ?" என்றவர், தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "ஓ, சீனா ஐயா. எங்கட கடைக்குத்தான் வாறவர். முதல் நாள் வந்து 'தம்பி, கறியாப்புல கீதா' எண்டு கேட்டார். பின்னால ஆரோ தமிழாக்கள் நிக்கினமெண்டு நான் திரும்பிப் பாத்தன். ஒருத்தரும் இல்லை."

"தமிழ் நல்லாப் பேசுவாரா?"

"தமிழ்தான். ஆனா எனக்கு அரைவாசி விளங்காது. அங்கால அந்தச் சப்பாத்துக் கடைக்கு மேல. படி கூட, பாத்து ஏறுங்கோ."

செருப்புக் கடை மாடிக்கு முப்பத்தாறு படி. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். கதவைத் திறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, ஸ்வெட்டரில் மைக்கறை. நான் ஆங்கிலத்தில் ஆரம்பிக்குமுன் அவர் தமிழில் ஆரம்பித்தார்.

"இன்னா சார், மெட்ராஸா? மப்ளர் கட்டின கட்டப் பாத்தாலே தெர்து. உள்ள வந்து குந்துங்க."

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் கப்பலேறிய தமிழ் அது. பாரிமுனையில்கூட இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை. அறுபத்திரண்டில் சீனச் சண்டை வந்தபோது அவர்களைப் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்ய வைத்து, ஊரைவிட்டு நகர்ந்தால் அனுமதி கேட்கச் சொன்னார்களாம். தம்பி பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டார். அண்ணன் அடுத்த வருடமே கிளம்பிவிட்டார். லண்டனில் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து, மனைவியையும் இழந்து, இப்போது தனியாக இருக்கிறார்.

யார் அனுப்பி வந்தேன் என்று சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயட்டுங்க" என்றார்.

"என்னது?"

"பல் செட்ட கயட்டுங்க சார்."

கழற்றிக் கொடுத்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் இல்லாத வாயோடு தூது சொல்ல முடியாது. காத்திருந்தேன். "கீழ் வரிசை லெஃப்ட்ல துளி எறங்குது பாருங்க. இது அவன் கைதான். எங்கப்பா முட்டில அட்ச்சு அட்ச்சு சொல்லிக் குடுத்தாரு. கத்துக்கினானா?" பேச்சு கடுகடுவென்றிருந்தது. ஆனால் குழாயடியில் அதைக் கழுவி, துடைத்து, துணியில் வைத்து இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

சாப்பிடாமல் விடவில்லை. அரிசி சேமியாவில் முட்டை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் கைப்பிடி கறிவேப்பிலையைப் போட்டு வதக்கினார். வடுமாங்காய் பாட்டிலைத் திறந்து ஒன்றை எடுத்து, காம்பைப் பிடித்துக் கடித்தார். அடுத்தடுத்து நான்கு தின்றார். நல்ல நேரம் என்று நான் விஷயத்தை எடுத்தேன். டிசம்பர் எட்டு, ஒரே பெண், தேநீர்ச் சடங்கு, பெரியப்பா நாற்காலி.

எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு உறையை எடுத்துவந்து என் முன்னால் போட்டார். பொன் எழுத்துக் கல்யாணப் பத்திரிகை.

"ஸ்டாம்பு ஒட்டி வந்துச்சு சார். கூடப் பொறந்தவன் பத்திரிகய தபால்ல போடுவானா? எதுத்த வூட்டு மார்வாடி எங்க அம்மாவ அழைக்க தட்டு எடுத்துகினு வருவாரு. பொட்டு வெச்சு, பூ குடுத்து. ஒரு தபா கூட ஆள் அனுப்பினது இல்ல. இவன் எனக்கு ஸ்டாம்பு ஒட்றான். போஸ்ட்மேனா எனக்கு ஒறமொற?"

"நீங்க லண்டன்ல இருக்கீங்க. அவர் எப்படித் தட்டு கொண்டுவருவார்?"

"ஊறுகாய குடுத்து வுடத் தெரியுதுல்ல? அதே கைல வெத்தல பாக்கும் குடுத்து வுட்ருக்கலாம். எங்கப்பா சீனால பொறந்தாரு, அவருக்கு அந்த ஊர் மொற. நான் பொறந்த தெருவுக்கு இதான் மொற."

என் அத்தை மகன் வீட்டில் இதே காரணத்துக்காக மூன்று கல்யாணம் தவறியிருக்கிறது. தபாலில் வந்த பத்திரிகையை அழைப்பாக எடுத்துக்கொள்ளாதவர்கள் எங்கள் பக்கத்திலும் நிறைய உண்டு. ஒரு சீனக் கிழவர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு அந்த ரோஷத்தைக் கட்டிக் காப்பார் என்று நானும் நினைக்கவில்லை, டாக்டரும் நினைக்கவில்லை.

"சரி வுடுங்க. ஏறி வந்ததுக்கு என் தெருவப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

மேஜைமேல் ஒரு காகிதச் சுருளைப் பிரித்தார். ஆறடி நீளம் இருக்கும். சீன ஓவியம் என்றதும் மலையையும் மூங்கிலையும் எதிர்பார்த்தேன். பாரிமுனைக்குப் பக்கத்துத் தெரு கிடந்தது. டிராம் தண்டவாளத்தின் மிச்சம், கைவண்டி, பல் செட் வரைந்த பெயர்ப்பலகை, டீக்கடை. வெறும் கறுப்பு மை, அங்கங்கே கொஞ்சம் காவி. வெயிலை அவர் தீட்டவே இல்லை. காகிதத்தை அப்படியே விட்டிருந்தார். நிழலை மட்டும் வரைந்திருந்தார். அதனாலேயே நடு மத்தியானம் கண்ணைக் கூச வைத்தது. எத்தனையோ தெருவுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். மையைத் தொடாமல் விட்டே இவ்வளவு வெளிச்சம் கொண்டுவரலாம் என்று எனக்குத் தெரியாது.

பழக்க தோஷம், எண்ண ஆரம்பித்தேன். தெருவில் மனிதர்கள் இருபத்து மூன்று பேர். நிழல்கள் பதினைந்து. மறுபடி எண்ணினேன். காலடியில் நிழலோடு இருப்பவர்கள் பதினான்கு பேர்தான். ஒன்பது பேருக்கு நிழலே இல்லை. கணக்குப்படி ஒரு நிழல் உபரி.

கேட்டேன். எண்ணியதற்காக என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"இது எங்க அப்பா, இது அம்மா. இது கைவண்டி முனுசாமி. எல்லாம் பூட்டாங்க. போனவங்களுக்கு நெயல் கெடயாது. வெளிச்சம் அவங்கள தாண்டிப் போவுது. இருக்கறவனுக்குத்தான் நெயல்." பிறகு, "டீக்கடை குஞ்ஞப்பன் எப்டி கீறாரு?"

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "போன வருஷம் தவறிட்டாரே."

அவர் விரல் டீக்கடை வாசலுக்குப் போனது. கண்ணாடி டம்ளர் பிடித்த மனிதர், அவர் காலடியில் ஒரு குட்டி நிழல். அதை விரலால் மூடிக்கொண்டார்.

"அப்ப பத்து" என்றார்.

"அதை மட்டும் அழிச்சிட முடியாதா?"

"இந்தப் பேப்பர்ல மை எறங்கினா எறங்கினதுதான் சார். மறுபடி முழுத் தெருவும் போடணும். மெட்ராஸ்லேர்ந்து யார்னா வந்தா கேப்பேன். சேதி வந்தா புதுசாப் போடுவேன். இது பதினொண்ணாவது."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. கிழவரின் பல நாள் வேலையை ஒரு வார்த்தையில் கெடுத்துவிட்டேன். அவருக்கு அப்படிப் படவில்லை போலும். டீ போட்டார்.

"எங்கப்பாதான் பிரஷ் புடிக்கச் சொல்லிக் குடுத்தாரு. பழைய ஆளுங்க நெயலே போட மாட்டாங்க. நெயல் காலைல ஒரு பக்கம், சாயங்காலம் ஒரு பக்கம், நிக்காத பொருள வரையக் கூடாதுன்னுவாரு. அவர் ஊர் அப்டி, குளிர் ஊரு. தூரத்துல ஜன்னல்ல ஒரு வெளக்கு போட்டா போதும், வூட்டு ஞாபகம் வந்துடும். நம்ம மெட்ராஸ்ல வெளிச்சத்த யார் தேடறான்? எந்தச் செவுத்துப் பக்கம் எப்ப நெயல் வரும்னு தெரிஞ்சவன்தான் அந்தத் தெருக்காரன். இங்க வந்து நான் என் நெயலப் பாத்தது கொஞ்ச நாள்தான்."

உபரி நிழலைக் காட்டினேன். பல் ஆஸ்பத்திரி வாசற்படியில் அது விழுந்திருந்தது. ஆள் இல்லை. யாரோ வெளியே நிற்கிறார்கள், நிழல் மட்டும் படியேறியிருக்கிறது. வலது தோள் சற்று இறங்கிய நிழல். குனிந்தே வேலை செய்து அப்படி ஆன ஒரு தோளை நான் இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன்.

"உங்க தம்பியா?"

"இருக்கான்ல? அதான் நெயல் கீது."

"உள்ளே வரலாமே."

"நான் கூப்டல. அவனும் கேக்கல."

பிறகு அவராகவே சொன்னார். எழுபத்து நான்கு மே மாதம் அம்மா இறந்த தந்தி வந்தது. ஊர்வலத்தில் மூத்த மகன் முன்னால் நடக்க வேண்டும், நமக்குக் கொள்ளி போல. இவர் விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூத்தவன் இடத்தில் தம்பி நடந்துவிட்டார். "ரெண்டு நாள் ஐஸ்ல வெச்சிருக்க மாட்டானா? நான் அவன்கிட்ட ஒரு வார்த்த பேசாம அதே டாக்சில திரும்பிட்டேன்."

டாக்டர் பக்கத்துக் கதை எனக்குத் தெரியும். அந்த வெயிலில் ஐஸ் போதாமல் போனதை என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். வென் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத நீங்க சொல்லாதீங்க. அவன் சொல்லணும்."

திரும்பும்போது எந்த வட்டமும் அடிக்காமல் கிங்ஸ்பரி வந்து சேர்ந்தேன். ஆனால் தூது தோற்றுவிட்டது. ராத்திரி பிடித்த இருமல் செவ்வாய்க்கிழமை முழுதும் விடவில்லை.

புதன்கிழமை மழை. வசந்தா என்னை நகரத்துப் பெரிய மியூசியத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சீன ஓவியங்கள் இருந்த கூடத்துக்குப் போய், கிழவர் சொன்னது மெய்தானா என்று சரிபார்த்தேன். பத்தொன்பது ஓவியங்கள். ஒன்றில்கூட ஒருவர் காலடியிலும் நிழல் இல்லை. மரத்துக்கு இல்லை, குதிரைக்கு இல்லை. ஓர் ஆங்கிலேயப் பெண்மணி பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றுகொண்டேன். "இந்தப் படத்தில் இப்போது பகலா, இரவா?" என்று கேட்டார். வானம் வெளிறிக் கிடந்தது, பகல் என்றார்கள் பிள்ளைகள். "இந்த மனிதர் கையில் என்ன இருக்கிறது?" ஒரு மெழுகுவத்தி. "அப்படியானால் இரவு. இருட்டை வரைய மாட்டார்கள். விளக்கை வரைந்துவிட்டால் இருட்டு உங்களுக்கே தெரிந்துவிடும்."

ஒரு படத்தின் முன்னால் அதிக நேரம் நின்றேன். ஆற்றில் ஒரு படகு, அதில் ஒருவர், கரையில் எங்கோ ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் மட்டும் காகிதம் மை படாமல் விடப்பட்டிருந்தது. படகில் இருப்பவர் வீட்டுக்குப் போகிறாரா, வீட்டை விட்டுப் போகிறாரா என்று படத்தில் தெரியவில்லை. கீழே சிற்றுண்டிச்சாலையில் ஒரு டீயும் ரொட்டித் துண்டும் வாங்கினேன். அந்த விலைக்குப் பாரிமுனையில் நான்கு பேர் சாப்பாடு சாப்பிடலாம். டீயில் வென் போட்ட டீயின் திடம்கூட இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடனே, "தட்டுதானே கேக்கறார்? நாம கொண்டுபோய் அழைச்சிடலாம்" என்றாள். எனக்குப் புதுக் கவலை வந்தது. நான் மனைவியை இழந்தவன். சுபகாரியத்துக்கு நான் தனியாகத் தட்டு நீட்டலாமா? "அதுக்குத்தான் நான் வரேன். பொட்டு நான் வைக்கறேன், வார்த்தை நீங்க சொல்லுங்க" என்றாள். மாப்பிள்ளை, "நான் வேணும்னா டிரைவரா வரேன்" என்றார்.

சனிக்கிழமை காலை பட்டுப் புடவைமேல் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு வசந்தா வந்தாள். சிவபாலன் கடையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், தேங்காய் கேட்டோம்.

"ஆருக்குக் கலியாணம் ஐயா?"

"சீனா ஐயாவோட தம்பி மகளுக்கு."

சிவபாலன் கையில் இருந்த தேங்காயை வைத்துவிட்டுக் கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே பேசினார். "தட்டு சரி ஐயா. ஆனா அழைக்க வேண்டியவர் அங்கயெல்லோ இருக்கிறார். குரலாவது அவற்றயா இருக்க வேண்டாமோ? சீனா ஐயா வீட்டில போன் இருக்கு. ஒப்பரேட்டரிட்டக் கேட்டா லைன் எடுத்துத் தருவினம். முடிஞ்ச உடன எவ்வளவு காசெண்டும் சொல்லுவினம்." கொஞ்சம் நிறுத்தி, "என்ர தம்பி சாவகச்சேரியில. அங்க லைனே இல்லை. கதைச்சு ஒண்டரை வருசம். எடுக்க ஏலுமெண்டா எடுக்க வேணும் ஐயா" என்றார். தேங்காயில் குடுமி கோணலாக இருந்ததைப் பார்த்து, வேறொன்று மாற்றிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை காரை நிறுத்த இடம் தேடிப் போனார். முப்பத்தாறு படி ஏறி நானும் வசந்தாவும் கதவைத் தட்டினோம். தட்டைப் பார்த்ததும் வென் உள்ளே போனார். போனவர் கோட்டு மாட்டி, தலையை வாரிக்கொண்டு வந்தார். கிழக்குப் பார்த்து நின்றார். வசந்தா நெற்றியில் குங்குமம் வைத்தாள். "உங்க தம்பி மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்திருந்து நடத்திக் கொடுக்கணும்" என்று முறைப்படி சொல்லித் தட்டை நீட்டினேன். குடும்பத்தோடு என்பது அவர் தனி ஆள் என்று தெரிந்தே வாயில் வந்துவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் வாங்கி மேஜையில் வைத்தார்.

"பாப்பா கையால வெச்ச பொட்டு, அதனால வாங்கிக்கினேன். வர்றத மட்டும் கேக்காதீங்க."

மேஜைமேல் புதுக் காகிதம் விரித்திருந்தது. பன்னிரண்டாவது தெரு. குஞ்ஞப்பன் டம்ளரோடு நின்றார், காலடி வெறுமையாக. பல் ஆஸ்பத்திரி வாசல் இன்னும் வரையப்படவில்லை.

நான் நேராக டெலிபோனிடம் போய் ரிசீவரை எடுத்தேன். "சென்னைக்கு ஒரு கால். என் செலவு" என்றேன். தடுப்பார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேட்டர் பெண்ணிடம் எண்ணைச் சொல்லி, முடிந்ததும் கட்டணம் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். இங்கே மணி பன்னிரண்டு பத்து. அங்கே நாலு நாற்பது, ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரம்.

"யாரு?" என்றது லின் டாக்டரின் குரல். "சாரா? சார், பேஷன்ட் வாய்ல கை வெச்சிருக்கேன், அஞ்சு நிமிஷம்..."

"டாக்டர், அண்ணன் பக்கத்தில் இருக்கார். பத்திரிகை தபால்ல வந்தது செல்லாதாம். தட்டு நாங்க கொடுத்தாச்சு. ஐஸ் விஷயம் நீங்கதான் சொல்லணும்."

மறுமுனையில் ஏதோ கருவி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. ரிசீவரை வென் கையில் கொடுத்தேன்.

"சொல்லு" என்றார் அவர்.

பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வசந்தாவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள்.

"எத்தினி பாளம் ஐஸு?" என்றார் திடீரென்று. பதிலைக் கேட்டார். "எல்லாமா கரைஞ்சிச்சு? ராத்திரி முச்சூடுமா?" மறுபடி கேட்டார். "யாரு வெசிறினது? நீயே வெசிறினியா?"

மூக்கைச் சிந்தினார்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

பதில் நீளமாக இருந்திருக்க வேண்டும். முடிவில், "ஆமா. நான் எங்க கேட்டேன். வாசல்லயே வண்டிய திருப்பிக்கினேன்" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "அது சரி, தபால்ல ஏன் போட்ட?" கேட்டுவிட்டுச் சிரித்தார். எங்களைப் பார்த்து, "நேர்ல கேட்டா இல்லன்னுடுவேன்னு பயமாம்" என்றார்.

அதன் பிறகு அவர்களுடைய மொழிக்கு மாறிவிட்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. மாப்பிள்ளை மேலே ஏறி வந்து கதவோரம் நின்றார். நடுவில் பெண்ணின் பெயர் இரண்டு முறை வந்தது. ஒரு முறை அதட்டினார், ஒரு முறை சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். கடைசியில் தமிழுக்கு வந்தார்.

"வரேன்டா. வரேன்னு சொல்றேன்ல. டிக்கெட்டு நானே எடுத்துக்கறேன், நீ ஒண்ணியும் அனுப்பாத. வெய்யி. மொதல்ல அந்த ஆள வாய மூடச் சொல்லு."

ரிசீவரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தார். அப்போது டெலிபோன் மணி அடித்தது. நான்தான் எடுத்தேன். ஆபரேட்டர் பெண் நிதானமாக, நான் குறித்துக்கொள்ள வசதியாகச் சொன்னாள். முப்பத்தெட்டு நிமிடம். ஐம்பத்து மூன்று பவுண்டு இருபது பென்ஸ்.